அரை ஏக்கரா, ஒன்றரை ஏக்கரா? சட்டம் சமமாக இருந்தால் போதுமா?

அடிவாரத்துக்காரி
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். இரண்டு நாட்களாக எங்கள் வீட்டில் ஓடும் சண்டையை இங்கே கொண்டுவருகிறேன். என் தங்கை சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். பட்டிமன்றத்தில் தாராளவாதப் பெண்ணியத்தின் பக்கம் நின்று பேச வேண்டுமாம். அவள் கட்சி எளிமையானது. ஆணுக்கு ஒரு சட்டம், பெண்ணுக்கு ஒரு சட்டம் என்று இருந்ததுதான் நோய். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் மீதியைப் பெண் தன் திறமையால் பார்த்துக்கொள்வாள். கதவைத் திறந்துவிடு, கையைப் பிடித்து இழுக்காதே என்று அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பு கடைந்துகொண்டிருந்த அம்மா, "உன் சட்டம் என் கையெழுத்தைத் திருப்பித் தருமா?" என்று கேட்டார். அதோடு ஒத்திகை நின்றது.

கையெழுத்தின் கதை இது. அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, வாழப்பாடிப் பக்கம் நாலரை ஏக்கர். கொஞ்சம் பாக்கு, மீதி குச்சிக்கிழங்கு. எல்லாம் பாட்டன் வழி வந்த நிலம். பிள்ளைகள் மூவர்: அம்மா, மாமா, சித்தி. அம்மாவுக்கு 1986-இல் கல்யாணம், சித்திக்கு 1991-இல். அம்மிச்சி 1998-இல் போனார். அப்பிச்சி 2001-இல் உயில் எதுவும் எழுதாமல் போய்ச்சேர்ந்தார். நிலத்தை யாரும் பிரிக்கவில்லை. 2013-இல் மாமா வந்து, "அக்கா, 89-க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது. பட்டா மாற்ற ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிடு" என்று அழைத்துப்போனார். அம்மா கையெழுத்துப் போட்டது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். அன்றைக்கு ஒரு பட்டுப்புடவையும் கிடைத்தது.

சித்தி போடவில்லை. சண்டை போட்டு அடுத்த ஆண்டு இரண்டு ஏக்கரைப் பிரித்துக்கொண்டார். அன்று முதல் மாமா வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. அம்மாவுக்கு மட்டும் ஆடி தவறாமல் அழைப்பு வருகிறது.

ஒரே தகப்பன், ஒரே நிலம், ஒரே சட்டம். அக்காவிடம் நிலம் இல்லை, தங்கைக்குத் தாய்வீடு இல்லை. தங்கையின் பட்டிமன்றத்துக்கு என்ன பதில் சொல்வது?

நூலகத்துமூலை
ஞாயிறு, இரவு 9.52

உங்கள் தங்கை தன் கட்சியைச் சற்று மலிவாக விற்கிறார். தாராளவாதப் பெண்ணியம் "திறமையால் பார்த்துக்கொள்" என்பதோடு நின்ற கொள்கை அல்ல. மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் எழுதியபோது பெண் அறிவில்லாதவளாகத் தெரிவதற்குக் காரணம் அவளுக்குக் கல்வி கொடுக்காததே என்றார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1869-இல் இன்னொரு படி போனார்: பெண்ணின் இயல்பு என்று நாம் சொல்வதெல்லாம் அடக்கிவைத்து வளர்த்ததன் விளைவு, ஆகவே அந்த இயல்பைக் காட்டிச் சட்டம் எழுதாதே என்பது அவர் வாதம்.

நீதிமன்றத்தில் இதை மிக அழகாக ஆடியவர் அமெரிக்காவின் ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஐடஹோ மாநிலத்தில் இறந்த மகனின் சொத்தை நிர்வகிக்கத் தாயும் தகப்பனும் தனித்தனியாக மனுச் செய்தார்கள். தகுதி சமமாக இருந்தால் ஆணுக்கே முன்னுரிமை என்றது அந்த மாநிலச் சட்டம். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தாய்க்கான வாதவுரையை எழுதியவர்களில் கின்ஸ்பர்க்கும் ஒருவர். அதன்பின் அவர் செய்ததுதான் சுவையானது. பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு நின்ற ஒரு தகப்பனின் வழக்கை எடுத்தார். விதவைத் தாய்க்குக் கிடைக்கும் உதவித்தொகை மனைவியை இழந்த தகப்பனுக்கு ஏன் இல்லை? 1975-இல் வென்றார். பெண்ணுக்கான நியாயத்தை ஓர் ஆணின் வாயால் கேட்க வைத்தார். உங்கள் தங்கை இதைப் பேசட்டும், கைத்தட்டல் நிச்சயம்.

ஐந்துரோடு
ஞாயிறு, இரவு 10.20

அமெரிக்காவெல்லாம் இருக்கட்டும் அம்மணி. எனக்கு இரண்டு தங்கைகள். இருவருக்கும் கடன் வாங்கி நகை போட்டு, சீர் செய்து, தலைப்பிரசவம் பார்த்து, பிள்ளைகளுக்குக் காது குத்தி, தாய்மாமன் சீரும் சுமந்தவன் நான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டு படுத்திருந்தபோது மருந்துச் சீட்டை யாரும் மூன்றாகக் கிழிக்கவில்லை. பங்கு என்றால் மட்டும் மூன்று. இது என்ன சமம்?

இன்னொன்று. 2025 ஏப்ரல் முதல் பெண் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சமம்தான் வேண்டுமென்றால் இதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

கொலுசுப்பட்டறை
ஞாயிறு, இரவு 10.31

ஐந்துரோட்டுக்காரரே, அந்த 1 விழுக்காட்டுக்காக மனைவி பெயரில் மனை வாங்கி, பத்திரத்தைத் தன் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கும் கணவன்மார்கள் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர். சலுகை யாருக்கு என்று அவர்களைக் கேளுங்கள்.

கறுப்புக்கோட்டு
திங்கள், காலை 7.15

சேலத்தில் சிவில் வழக்கு நடத்துகிறவன். கணக்கு தெரியாமல் தத்துவம் பேச வேண்டாம் என்பதால் முதலில் கணக்கு.

மாமா சொன்ன 89 வெறும் கட்டுக்கதை இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம், பாட்டன் வழிச் சொத்தில் மகளையும் மகனைப் போலவே பிறப்பால் கூட்டுப்பங்காளி ஆக்கியது. ஆந்திரா நமக்குச் சில ஆண்டுகள் முன்பே செய்துவிட்டது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதற்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே அறுபது ஆண்டுகள். ஆனால் அதில் ஒரு முள் இருந்தது: 25.3.1989-க்கு முன் மணமான மகள்களுக்கு அந்தப் பிறப்புரிமை இல்லை. சித்தி உள்ளே, அம்மா வெளியே. ஒரு கல்யாணத் தேதி அக்காவையும் தங்கையையும் பிரித்தது.

இப்போது நாலரை ஏக்கரைப் பிரிப்போம். அந்தச் சட்டப்படி அப்பிச்சி, மாமா, சித்தி மூவருக்கும் ஆளுக்கு ஒன்றரை. அப்பிச்சி இறந்ததும் அவருடைய ஒன்றரை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கும். ஏனென்றால் தகப்பனின் சொந்தப் பங்கில் மகளுக்கும் உரிமை 1956 முதலே உண்டு. அதற்குக் கல்யாணத் தேதி தேவையில்லை. ஆக மாமாவுக்கு 2, சித்திக்கு 2, அம்மாவுக்கு அரை ஏக்கர். சித்தி இரண்டு ஏக்கர் வாங்கியது குருட்டாம்போக்கில் அல்ல. யாரோ சரியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு அதே சட்டத்தில் நாடாளுமன்றத்தின் திருத்தம் 9.9.2005-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கல்யாணத் தேதி என்ற முள்ளே இல்லை. 20.12.2004-க்கு முன் முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் கை வைக்க முடியாது. 9.9.2005 அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் இருந்தாரா என்பது கேள்வியே இல்லை. அதன்படி மூவருக்கும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர்.

ஆகவே உங்கள் அம்மாவின் பங்கு அரை ஏக்கரா, ஒன்றரை ஏக்கரா என்று வழக்காடலாம். "பங்கு கிடையாது" என்பது எந்தச் சட்டப்படியும் பொய்.

ஐந்துரோட்டு ஐயாவுக்கு: மருந்துச் சீட்டையும் சட்டம் கிழித்துவைத்திருக்கிறது. மணமான மகளும் பெற்றோரைக் காக்கக் கடமைப்பட்டவள் என்று 1987-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007-இன் பெற்றோர், மூத்தோர் பராமரிப்புச் சட்டத்தில் "பிள்ளைகள்" என்றால் மகளும் சேர்த்துத்தான். தங்கைகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டீர்களா?

ஐந்துரோடு
திங்கள், காலை 8.02

கேட்கவில்லை. கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நூலகத்துமூலை
திங்கள், காலை 8.09

அதே ஊர்தானே பங்கு கேட்கும் தங்கையையும் பேசுகிறது?

இராச்சுற்று
திங்கள், மதியம் 1.40

நூற்பாலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நிலம் உள்ளவர்களுக்குப் பாகத்தகராறு. நிலம் இல்லாத எங்களுக்குச் சமச் சட்டம் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரை பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது அரசியல் சட்டத்தின் சமத்துவத்துக்கு விரோதம் என்று செல்லாததாக்கியது. பாதுகாப்பு, போக்குவரத்து என்று நிபந்தனைகளும் போட்டது. வழக்குப் போட்டவர்களில் பெண் தொழிலாளர்களும் உண்டு. சரியான வழக்குத்தான். ஆண் மூன்று ஷிஃப்டும் பார்ப்பான், பெண் இரண்டுதான் பார்ப்பாள் என்றால் முதலாளி யாரை எடுப்பான்? அன்று சங்கத்தில் நான்கூட ஆதரித்துத்தான் பேசினேன்.

அப்புறம் என்ன ஆயிற்று? நான் இருந்த ஆலையில் இரவு ஷிஃப்ட் வந்தது, நிபந்தனை வரவில்லை. சில மாதம் வேன் வந்தது, பிறகு டீசல் விலை என்று நின்றது. காலை ஆறு மணிக்கு வெளியே வந்து, பஸ் பிடித்து, வீட்டில் உலை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுத்தால் மணி பத்து. ஆண் அதே ஷிஃப்ட் முடித்து வந்து ஏழு மணிக்குத் தூங்கினான். சட்டம் எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் நடத்தியது. பிறகு விடுதியில் சின்னப் பெண்களைத் தங்கவைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்ற திட்டம் மேற்கு மாவட்ட ஆலைகளில் பரவியது. அந்தப் பெண்களுக்கு இரவு எது, பகல் எது?

தடை திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேன் எங்கே என்று கேட்கிறேன்.

நூலகத்துமூலை
திங்கள், மதியம் 2.25

அம்மா, நீங்கள் சொல்வது தாராளவாதிகளுக்குள்ளேயே நூறு ஆண்டாகத் தீராத வழக்கு. 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்ணுக்கு மட்டும் வேலை நேரத்தைப் பத்து மணியாகக் கட்டுப்படுத்திய ஒரேகன் மாநிலச் சட்டத்தை ஏற்றது. பெண் உடல் பலவீனமானது, அவள் தாயாக வேண்டியவள் என்பது காரணம். தொழிலாளர் பக்கம் நின்றவர்களுக்கு அது வெற்றி. 1923-இல் அமெரிக்க அரசியல் சட்டத்துக்குச் சம உரிமைத் திருத்தம் முன்மொழியப்பட்டபோது எதிர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் இந்தத் தொழிலாளர் நலப் பெண்கள்தான். சமம் என்று எழுதினால் கையில் இருக்கும் பத்து மணி நேரமும் போய்விடும் என்று பயந்தார்கள். அந்தத் திருத்தம் 1972-இல் இரு அவைகளிலும் நிறைவேறியும், தேவையான 38 மாநிலங்களின் ஒப்புதல் கெடுவுக்குள் சேரவில்லை.

நம் அரசியல் சட்டம் இந்த முடிச்சை ஒருவகையில் முன்கூட்டியே அவிழ்த்துவிட்டது. 15-ஆவது பிரிவு பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. அதன் மூன்றாம் உட்பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. டவுன் பஸ் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

கொலுசுப்பட்டறை
திங்கள், மாலை 6.50

பனங்காட்டுக்காரி நான். சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டதாக என் மகன் படித்துக் காட்டினான். ஒரே வேலை, அல்லது ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஒரே கூலி. அருமை. ஆனால் பட்டறையில் வெள்ளியை உருக்குவதும் கம்பி இழுப்பதும் ஆண் வேலை. வீட்டுத் திண்ணையில் சலங்கை வைப்பதும் முத்துக் கோப்பதும் பெண் வேலை. அவனுக்குக் கூலி, எங்களுக்கு உருப்படிக் கணக்கு. வேலையையே இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டால் எதை எதோடு ஒப்பிட்டு வழக்குப் போடுவது? கண் போனது மட்டும் சமமாகப் போயிற்று.

மிளகுக்கொடி
திங்கள், இரவு 8.35

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மலையாளிப் பழங்குடிப் பெண், பள்ளி ஆசிரியை. எல்லாரும் 1956, 1989, 2005, 2020 என்று ஆண்டுகளை அடுக்குகிறீர்கள். அவை அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டிப் பஸ் ஏறி வருகிறது, இந்தச் சட்டம் ஏறி வரவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவைப் பாருங்கள். மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய அட்டவணைப் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எங்கள் வீட்டில் அப்பா இறந்ததும் சில்வர் ஓக், மிளகு, நாலு காப்பி வரிசை எல்லாம் அண்ணன்களுக்குப் போயின. எனக்குக் கையெழுத்துக் கேட்டு யாரும் வரவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதுதான் அவர்கள் நம்பிக்கை.

2022-இல் உச்ச நீதிமன்றம் இந்த விதிவிலக்கை மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. பழங்குடிப் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025-இல் ஒரு கோண்டு குடும்பத்து வழக்கில், பெண்ணை விலக்கும் வழக்காறு இருப்பதாக நிரூபிக்காதபோது அவளை விலக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆக ஒவ்வொருத்தியும் நீதிமன்றப் படி ஏறித்தான் வாங்க வேண்டும்.

ஆனாலும் அண்ணன் சொல்வதை என்னால் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. "உனக்குத் தருகிறேன், நீ கட்டியிருப்பது கீழ்நாட்டுக்காரனை, நாளைக்கு இந்த இடம் விடுதியாகிவிடும்" என்கிறார். பழங்குடி நிலத்துக்குக் காப்புத் தரும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் எதுவும் அறிவிக்கப்படவில்லை, அந்தக் காப்பும் எங்கள் நிலத்துக்கு இல்லை. ஏரியைச் சுற்றி எத்தனை விடுதி என்று பார்த்தவர்களுக்கு அவர் பயம் புரியும். ஆனால் விற்ற நிலங்களை விற்றவர்கள் எல்லாரும் ஆண்கள்தானே என்று கேட்டால் அண்ணனிடம் பதில் இல்லை.

கறுப்புக்கோட்டு
திங்கள், இரவு 9.20

ஆசிரியை சொன்னது முழுக்கச் சரி. நான் சமவெளியிலேயே நின்று பேசிவிட்டேன்.

இன்னொரு ஓட்டையும் சொல்கிறேன், பட்டிமன்றத்துக்கு உதவும். சட்டம் ஏற்கெனவே சமமாகிவிட்டது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டு பேசுகிறோம். ஆகவில்லை. ஆண் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி மக்கள் இருந்தாலும் தாய்க்கும் பங்கு உண்டு. குழந்தையில்லாத விதவை உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்தது முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் அதற்குப் பின்னால்தான். 2009-இல் ஒரு வழக்கு. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவன் இறந்தான், மாமியார் வீட்டார் விரட்டிவிட்டார்கள். பெற்றோர் படிக்கவைத்து வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாள். அவள் இறந்ததும் அந்தப் பணம் விரட்டியவர்கள் பக்கமே போனது. பரிதாபத்தைப் பார்த்துச் சட்டத்தை வளைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இந்த 15-ஆவது பிரிவு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே வேன் எங்கே என்று கேட்கும் அம்மாவும் வேண்டும், சட்டத்தில் இன்னும் எங்கே கோணல் என்று வரிவரியாகப் படிக்கும் உங்கள் தங்கையும் வேண்டும்.

சித்திக்குப் பிள்ளைகள் உண்டா?

அடிவாரத்துக்காரி
திங்கள், இரவு 9.44

இல்லை. சித்தப்பாவும் இரண்டு ஆண்டுக்கு முன் தவறிவிட்டார்.

கறுப்புக்கோட்டு
திங்கள், இரவு 9.58

அப்படியானால் தகப்பனிடமிருந்து வாரிசாக இறங்கிய நிலம், சித்தி உயில் எழுதாவிட்டால், தகப்பனின் வாரிசுகளுக்குத் திரும்பும். அதாவது உங்கள் அம்மாவுக்கும், அதே மாமாவுக்கும். சித்தியின் சொந்தச் சம்பாத்தியம் சித்தப்பாவின் வாரிசுகளுக்கு. அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஐந்துரோடு
செவ்வாய், காலை 6.30

இரவு தூக்கமில்லை. என் பெரிய தங்கை மனமுவந்துதான் எழுதிக்கொடுத்தாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சின்னவள் கையெழுத்துப் போடும்போது அழுதாள். அப்பா நினைவு என்று எடுத்துக்கொண்டேன். மற்றபடி நான் எழுதியதில் மாற்றம் இல்லை. சீரும் செய்து பங்கும் கொடுக்க என்னால் ஆகாது. இரண்டில் ஒன்றை ஊர் விடட்டும்.

இராச்சுற்று
செவ்வாய், காலை 7.05

சீரை விடுங்கள். ஊர் நான்கு நாள் பேசும்.

அடிவாரத்துக்காரி
செவ்வாய், இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு முழு இழையையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கணக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். வழக்குப் போடுவதெல்லாம் வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தார். "கையெழுத்துப் போட்டதால்தான் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது எனக்குப் பக்கத்தில் நிற்கத் தம்பி இருக்கிறான்" என்றார். நானும் தங்கையும் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை பூப்பறித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று உள்ளே வந்து, "அரை ஏக்கரோ ஒன்றரை ஏக்கரோ, அது போகட்டும். பங்கே இல்லாதவளிடம் எதற்குக் கையெழுத்து வாங்கினான்?" என்று கேட்டார். பதினோரு மணிக்குச் சித்திக்கு அவரே போன் செய்தார். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை, கதவு சாத்தியிருந்தது.

வழக்கறிஞர் ஐயா, பத்திர நகல் எங்களிடம் இல்லை, மாமாவிடம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

கறுப்புக்கோட்டு
செவ்வாய், இரவு 10.40

மாமாவைக் கேட்க வேண்டாம். பதிவான பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். 2001 முதல் வில்லங்கச் சான்றும் போட்டு வாங்குங்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நான் எந்த நம்பிக்கையும் தர மாட்டேன். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய, ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. அம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்பதை எதிர்த்தரப்பு குடைந்து குடைந்து கேட்கும். சர்வே எண் தெரியுமா?

அடிவாரத்துக்காரி
செவ்வாய், இரவு 10.52

சித்திக்கு மனப்பாடமாகத் தெரியுமாம். வியாழக்கிழமை அவரும் கூட வருகிறார்.